28 வயதில் உடைந்தவர், உலகத்துக்கே மனசைப் பத்திப் பாடம் எடுத்தவர்! - வில்லியம் ஜேம்ஸின் கதை

நாளைக்குக் காலையில இன்டர்வியூ. ராத்திரி ரெண்டு மணி ஆகியும் தூக்கம் வரலை. நெஞ்சு படபடன்னு அடிக்குது, உள்ளங்கை வியர்க்குது, வயித்தை என்னவோ பண்ணுது. இப்போ ஒரு கேள்வி... பயம் வந்ததால நெஞ்சு அடிக்குதா, இல்ல... நெஞ்சு அடிக்கிறதைத்தான் நீங்க பயம்னு சொல்றீங்களா?

`இதெல்லாம் ஒரு கேள்வியா... பயம்தானே முதல்ல வரும்?' என்றுதான் தோன்றும். 1884-ம் வருடம் இதே கேள்வியைக் கேட்டு, எல்லோரும் நம்பியதற்கு நேர் எதிரான பதிலை எழுதினார் ஒரு அமெரிக்கப் பேராசிரியர். பெயர், வில்லியம் ஜேம்ஸ். அமெரிக்க உளவியலின் தந்தை என்று இன்று பாடப் புத்தகங்கள் சொல்வது இவரைத்தான்.

ஆனா, அந்தப் பட்டத்துக்கு முன்னாடி இவருக்கு இன்னொரு கதை இருக்கு. 28 வயசு, கையில டாக்டர் பட்டம், வேலை இல்ல, பெற்றோர் வீட்டில் ஓர் அறை, முதுகுவலி, கண்வலி, தூக்கமின்மை. இதுக்கு மேல வாழத்தான் வேணுமா என்று தினம் தினம் தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்த ஒரு இளைஞனின் கதை. அங்கிருந்து பார்த்தால்தான், அவர் பின்னாளில் எழுதியதெல்லாம் எங்கிருந்து வந்ததென்று புரியும்.

எதைப் படிப்பது என்றே தெரியாத பையன்

1842, ஜனவரி 11. நியூயார்க் நகரத்தில் பிறந்தார் வில்லியம். அயர்லாந்திலிருந்து வந்த தாத்தா பெரும் பணம் சேர்த்து வைத்திருந்தார். அதனால் அப்பா ஹென்றிக்குச் சம்பாதிக்க வேண்டிய அவசியமே இல்லை. சிறுவயதில் தீ விபத்தில் சிக்கி ஒரு காலை இழந்தவர் அந்த அப்பா. ஆன்மிகத்திலும் தத்துவத்திலும் ஊறிப்போனவர். பிள்ளைகளை எந்தப் பள்ளியிலும் நிலையாகப் படிக்கவிடாமல் நியூயார்க், லண்டன், பாரிஸ், ஜெனீவா என்று இழுத்துக்கொண்டே திரிந்தார்.

ஐந்து பிள்ளைகள். மூத்தவர் வில்லியம். அடுத்தவர், பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியரான ஹென்றி ஜேம்ஸ். கடைசியாகப் பிறந்த ஒரே பெண், ஆலிஸ். அவரைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

வில்லியமுக்கு ஓவியம் பிடித்திருந்தது. 18 வயதில் நியூபோர்ட் நகரில் வில்லியம் மோரிஸ் ஹண்ட் என்ற ஓவியரிடம் சேர்ந்தார். ஒரு வருடம்கூட முழுதாகத் தாண்டவில்லை, விட்டுவிட்டார். 1861-ல் ஹார்வர்டில் வேதியியல். அதுவும் ஒட்டவில்லை. பிறகு மருத்துவம். நடுவில் 1865-ல் லூயி அகாசி என்ற விஞ்ஞானியோடு அமேசானுக்கு மீன் சேகரிக்கப் போனார். அங்கே அம்மை நோய் தாக்கியது. ஊர் ஊராகப் போய் உயிரினங்களைச் சேகரித்து வகைப்படுத்துவது தன்னுடைய வேலை இல்லை என்று அங்கேதான் புரிந்துகொண்டார்.

இதே காலகட்டத்தில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தம்பிகள் இரண்டு பேர் போர்க்களத்துக்குப் போனார்கள். ஒருவர் படுகாயத்தோடு திரும்பினார். மூத்தவர் போகவில்லை.

`என் வயசுக்காரங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க... நான் மட்டும் இங்கேயே நிக்கிறேன்' என்ற உணர்வு இன்ஸ்டாகிராம் வந்த பிறகு பிறந்ததில்லை, பார்த்தீங்களா?

அந்தி நேரத்தில் வந்த பயம்

1867-ல் உடம்பைச் சரிசெய்துகொள்ளவும் படிக்கவும் ஜெர்மனிக்குப் போனார். வெந்நீர்க் குளியல் சிகிச்சைகள் எடுத்தார். முதுகுவலி போகவில்லை, மனச்சோர்வு கூடியது. திரும்பி வந்து 1869-ல் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஆனா, வாழ்நாளில் ஒருநாள்கூட அவர் டாக்டராகத் தொழில் செய்யவில்லை.

1870-ன் தொடக்கத்தில் முற்றிலுமாக உடைந்துபோனார். அந்த மார்ச்சில், அவருக்கு மிகவும் நெருக்கமான உறவுப்பெண் மினி டெம்பிள் காசநோயில் இறந்தார். வயது 24.

இந்த வருடங்களில் ஏதோ ஒரு நாள், அந்தி நேரத்தில், உடை மாற்றும் அறைக்குள் எதையோ எடுக்கப் போனார். எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு பயங்கரம் அவரைக் கவ்வியது. மனநலக் காப்பகம் ஒன்றில் முன்பு பார்த்த இளைஞன் கண்முன் வந்தான். பச்சை படர்ந்த தோல், முழங்காலைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அசையாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உருவம். அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நூல் இடைவெளிதான், அந்த நிலை எனக்கும் எந்த நிமிஷமும் வரலாம் என்ற எண்ணம் உடம்பையே உலுக்கிவிட்டது. அதன் பிறகு பல மாதங்கள் இருட்டில் தனியாகப் போக முடியவில்லை. பக்கத்திலேயே சந்தோஷமாக நடமாடிக்கொண்டிருந்த அம்மாவிடம்கூட அவர் இதைச் சொல்லவில்லை.

இந்தச் சம்பவத்தை 1902-ல் தன் புத்தகத்தில் எழுதியபோதும், யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் அனுப்பிய அனுபவம் என்றுதான் போட்டார். அது தன்னுடைய கதைதான் என்று பின்னாளில் தன் மொழிபெயர்ப்பாளரிடம் ஒப்புக்கொண்டார். உலகப்புகழ் பெற்ற உளவியல் பேராசிரியருக்கே `எனக்கு இப்படி நடந்தது' என்று சொல்ல அத்தனை வருடமும் ஒரு மறைப்பும் தேவைப்பட்டது.

இன்னொரு விஷயம். அவருடைய அப்பாவுக்கும் 1844-ல், வில்லியம் கைக்குழந்தையாக இருந்தபோது, ஏறக்குறைய இதே மாதிரி ஒரு திடீர் பயங்கரம் வந்திருக்கிறது. நல்ல சாப்பாடு முடித்து நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒரு மாலையில்! மீண்டு வர அவருக்கு இரண்டு வருடங்கள் ஆயின.

ஏப்ரல் 30: டைரியில் ஒரு முடிவு

ஜேம்ஸை வாட்டியது வலி மட்டும் இல்லை. அன்றைய அறிவியல் அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு கருத்தும்தான். மனிதன் ஓர் இயந்திரம், மூளையும் நரம்பும் சேர்ந்து எல்லாவற்றையும் முன்பே தீர்மானித்துவிடுகின்றன என்பது அந்தக் கருத்து. அப்படியென்றால் நான் மீண்டு வருவேனா, மாட்டேனா என்பதும் முன்பே முடிவாகிவிட்டதா? நான் முயற்சி செய்வதற்கு அர்த்தமே இல்லையா?

1870 ஏப்ரல் கடைசியில், ஷார்ல் ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியின் கட்டுரையைப் படித்தார். மனதில் எத்தனையோ எண்ணங்கள் வந்துபோக வாய்ப்பிருக்கும்போது, ஒன்றை மட்டும் நானே தேர்ந்தெடுத்துப் பிடித்துக்கொள்ள முடிகிறதென்றால், அதுதான் சுதந்திரம் என்பது அதன் சாரம்.

மறுநாள், ஏப்ரல் 30. சுதந்திரம் இருக்கிறதா, இல்லையா என்று நிரூபித்துக்கொண்டிருக்கப் போவதில்லை. இருக்கிறது என்று நம்புவதையே என் முதல் சுதந்திரச் செயலாக வைத்துக்கொள்கிறேன் என்று டைரியில் எழுதினார். அதோடு தனக்கு ஒரு கெடுவும் வைத்துக்கொண்டார். அடுத்த ஜனவரி வரைக்கும், உட்கார்ந்த இடத்திலேயே மனசைக் குடைந்துகொண்டிருக்கும் யோசனைகளுக்கு லீவு. சின்னச் சின்ன செயல்கள், பழக்கங்கள்... அதில் மட்டும் கவனம்.

அன்றைக்கே எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. முன்னேற்றம் வருவதும் போவதுமாக வருடங்கள் ஓடின. 1873 ஜனவரியில் ஹார்வர்டில் உடலியல் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். தினமும் குறித்த நேரத்துக்குப் போக ஓர் இடமும், காத்திருக்கும் மாணவர்களும் கிடைத்தார்கள். அது அவருக்குப் பெரிய மருந்தாக இருந்தது. அந்த வசந்தகாலத்தில் மகனிடம் தெரிந்த மாற்றத்தைப் பார்த்து அப்பாவே அசந்துபோய்க் காரணம் கேட்டார். மகன் சொன்ன காரணங்களில் முக்கியமான ஒன்று, மனக்கோளாறு எல்லாவற்றுக்கும் உடம்பில் ஒரு கோளாறு இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டதுதான். மனசிலிருந்து உடம்பை நோக்கியும் ஒரு பாதை இருக்கிறது என்று அவர் நம்பத் தொடங்கியது அப்போதுதான்.

கரடியைப் பார்த்தால் என்ன நடக்கும்?

1875-ல் உளவியல் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அப்போது அமெரிக்காவில் அப்படியொரு பாடமே கிடையாது. தான் கேட்ட முதல் உளவியல் வகுப்பே தான் எடுத்த வகுப்புதான் என்று பின்னாளில் கிண்டலாகச் சொல்வார். 1878-ல் ஆலிஸ் கிப்பன்ஸ் என்ற ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். அதே வருடம் ஓர் உளவியல் புத்தகம் எழுதித் தருவதாக ஒப்பந்தமும் போட்டார். இரண்டு வருடத்தில் முடிப்பதாகப் பேச்சு. முடிக்க 12 வருடங்கள் ஆயின. 1890-ல் இரண்டு தொகுதிகளாக வந்தது `உளவியலின் கோட்பாடுகள்'. கிட்டத்தட்ட 1,400 பக்கங்கள்.

இதற்கு நடுவில்தான் அந்த 1884 கட்டுரை. காட்டில் கரடியைப் பார்க்கிறோம், பயப்படுகிறோம், ஓடுகிறோம் என்பது எல்லோரும் நினைக்கும் வரிசை. ஜேம்ஸ் அதைத் திருப்பிப் போட்டார். கரடியைப் பார்த்ததுமே உடம்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது. இதயம் வேகமாகிறது, மூச்சு மாறுகிறது, கால் ஓடுகிறது. இந்த மாற்றங்களை உள்ளுக்குள் உணர்வதுதான் பயம் என்றார். படபடக்கும் இதயம், நடுங்கும் உதடு, மேல்மூச்சு... இதையெல்லாம் பயத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால், கடைசியில் `பயம்' என்று சொல்ல எதுவும் மிஞ்சாது என்பது அவர் வாதம். அடுத்த வருடமே டென்மார்க்கில் கார்ல் லாங்கே என்ற மருத்துவரும் தனியாக இதே போன்ற முடிவுக்கு வந்தார். அதனால் இதற்கு `ஜேம்ஸ் - லாங்கே கோட்பாடு' என்று பெயர்.

இதிலிருந்து ஒரு நடைமுறை யோசனையும் பிறந்தது. உணர்ச்சியை நேரடியாகப் பிடித்து மாற்ற முடியாது. `சந்தோஷமா இரு'ன்னு மனசுக்கு ஆர்டர் போட்டா அது கேட்காது. ஆனா, உடம்பு ஓரளவு நம்ம பேச்சைக் கேட்கும். நிமிர்ந்து உட்காரலாம், நடக்கலாம், நெற்றிச் சுருக்கத்தைத் தளர்த்தலாம், ஒருவரிடம் அன்பாகப் பேசலாம். பிறகு மனசு மெதுவாகப் பின்னாலேயே வரும் என்றார் ஜேம்ஸ்.

அவர் சொன்னது முழுக்கச் சரியா? இல்லை. அவரிடமே படித்த வால்டர் கேனன், 1927-ல் இதைக் கடுமையாக விமர்சித்தார். உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புத் தொடர்பைத் துண்டித்த பிறகும் விலங்குகள் உணர்ச்சியைக் காட்டுகின்றன என்றும், கோபத்திலும் பயத்திலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் மாறுகிறது என்றும் காட்டினார். ஆனா, 1990-களில் அன்டோனியோ டமாசியோ போன்ற நரம்பியல் அறிஞர்கள் ஜேம்ஸைத் தூசி தட்டி மறுபடி எடுத்தார்கள். உடம்பிலிருந்து வரும் செய்திகள் இல்லாமல் நம் உணர்ச்சியும் முடிவெடுக்கும் திறனும் முழுமையாக இயங்காது என்பது அவர்கள் வாதம். முகத்தில் சிரிப்பை வரவழைத்தால் மனசும் மாறுமா என்று 19 நாடுகளில், 3,800-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. மாறுகிறது, ஆனால் கொஞ்சம்தான் என்றது அது. `சும்மா சிரிச்சா டிப்ரெஷன் போயிடும்'னு ரீல்ஸில் யாராவது சொன்னா, நம்பாதீங்க. அப்படி ஜேம்ஸும் சொல்லவில்லை.

பழக்கத்துக்கு நாலு வழி

அவருடைய புத்தகத்தில் இன்றைக்கும் அதிகம் பேசப்படுவது, பழக்கத்தைப் பற்றிய அத்தியாயம். எதையும் முடிவெடுக்க முடியாமல் பத்து வருடம் தவித்த ஒருவர் எழுதியது என்று தெரிந்து படித்தால், ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி கேட்கும். அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான்:

* புதுப்பழக்கத்தைப் பலமாகத் தொடங்குங்க. பின்வாங்க முடியாதபடி சூழலை அமைச்சுக்கோங்க, நாலு பேருக்குச் சொல்லிடுங்க.

* அது வேர்விடும் வரைக்கும் ஒருநாள்கூட விதிவிலக்கு வேண்டாம். சுற்றிக்கொண்டிருக்கும் நூல்கண்டு ஒருமுறை கைதவறினால், பல சுற்று பிரிந்துவிடும்.

* முடிவெடுத்ததும் கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே செயல்ல இறங்குங்க. நல்ல எண்ணம் செயலாகாமல் ஆவியாகிப் போவது, சும்மா இருப்பதைவிட மோசம்.

* எந்தக் காரணமும் இல்லாமல், தினமும் ஒரு சின்ன கஷ்டமான காரியத்தைச் செய்யுங்க. நிஜமான கஷ்டம் வரும்போது அந்தப் பயிற்சி கைகொடுக்கும்.

கவனத்தைப் பற்றியும் அவர் எழுதினார். யாராலும் ஒரே விஷயத்தில் சில விநாடிகளுக்கு மேல் விடாமல் கவனம் வைக்க முடியாது. ஓடிப்போகும் மனசைத் திரும்பத் திரும்ப இழுத்துவருவதுதான் நம்மால் முடிந்தது. அந்தத் திறனை வளர்க்கும் கல்விதான் மிகச் சிறந்த கல்வி. ஆனால், அதை எப்படிக் கொடுப்பது என்று வழி சொல்வதுதான் கஷ்டம் என்றார். இதைப் படித்ததும் உங்களுக்குத் தியானம் ஞாபகத்துக்கு வருதா?

ஹார்வர்டில் விவேகானந்தர்

1896 மார்ச்சில் ஹார்வர்டின் தத்துவ மாணவர் மன்றத்தில் வேதாந்தம் பற்றிப் பேசினார் சுவாமி விவேகானந்தர். ஜேம்ஸுக்கு அவரோடு பழக்கம் ஏற்பட்டது. அவருடைய `ராஜயோகம்' நூலைப் படித்து, பின்னர் தன் புத்தகத்திலும் எடுத்தாண்டார். போலந்துத் தத்துவவாதியான தன் நண்பர் லுடோஸ்லாவ்ஸ்கி மாதக்கணக்கில் ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் செய்து மனநிலை தேறியதை, 1906-ல் ஒரு தலைமையுரையில் பெயர் சொல்லாமல் விவரித்தார். மனிதனுக்குள் பயன்படுத்தப்படாமல் கிடக்கும் சக்தியைத் திறக்கும் சாவிகளில் யோகாவும் ஒன்றாக இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. அதே சமயம், இதில் எவ்வளவு பங்கு நம்பிக்கையால் வந்தது என்றும் கேட்டார்.

அவரே செய்து பார்த்தாரா? தூக்கம் வராத இரவுகளில் மூச்சுப் பயிற்சியை முயன்றார். தூக்கமும் வரவில்லை, அந்தப் பயிற்சியும் அவருக்குப் பிடிக்கவில்லை. அதை அந்த நண்பருக்கே ஒளிக்காமல் எழுதிவிட்டார். தனக்குப் பலிக்கவில்லை என்பதற்காக அடுத்தவருக்குப் பலித்ததைப் பொய் என்று அவர் சொல்லவில்லை.

இதே நேர்மையை அவர் பொதுவெளியிலும் காட்டினார். அன்றைய அமெரிக்காவில், எண்ணத்தாலும் பிரார்த்தனையாலும் குணப்படுத்துகிறோம் என்ற `மைண்ட் க்யூர்' குழுக்கள் பரவியிருந்தன. மருத்துவப் பட்டம் இல்லாத இவர்களைத் தடுக்க, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1898-ல் ஒரு மசோதா வந்தது. மருத்துவம் படித்த ஜேம்ஸ், அதை எதிர்த்துச் சட்டமன்றக் குழுவின்முன் பேசினார். அவர்கள் சொல்வதெல்லாம் உண்மை என்று அவர் வாதாடவில்லை. அங்கே ஏதோ நடக்கிறது. அதைத் தடைசெய்தால் அது என்னவென்று நாம் கற்றுக்கொள்ளவே முடியாது என்றார். டாக்டர் நண்பர்கள் பலருக்குக் கோபம் வந்தது. எது நோயைக் குணமாக்குகிறது, எது நோயாளியைச் சிகிச்சையிலிருந்து தள்ளி வைக்கிறது என்ற அந்தச் சண்டை இன்றைக்கும் முடியவில்லை.

தங்கைக்குக் கிடைக்காத வாய்ப்பு

இப்போது ஆலிஸுக்கு வருவோம். அண்ணன்களுக்குச் சற்றும் குறையாத அறிவு. அவருக்கும் இளவயதிலிருந்தே மனச்சோர்வும் நரம்புத் தளர்ச்சியும் இருந்தன. டாக்டர்கள் வைத்த பெயர் `ஹிஸ்டீரியா'. அண்ணனைக் காப்பாற்றியது ஒரு முடிவும், அதைச் செயலாக்க ஒரு வேலையும், சொல்வதைக் கேட்க ஒரு வகுப்பறையும். தங்கைக்கு அதில் எதுவுமே தரப்படவில்லை. அவர் ரகசியமாக எழுதிய நாட்குறிப்புதான் இன்று அவரை நமக்குக் காட்டுகிறது. 1892-ல் மார்பகப் புற்றுநோயில் இறந்தார், 43 வயதில். கடைசி மாதங்களில் அண்ணனின் யோசனைப்படி ஹிப்னாடிச சிகிச்சை எடுத்தார். வலி பெரிதாகக் குறையாவிட்டாலும் நரம்புகள் அடங்கி நிம்மதி தந்ததாகக் குறித்து வைத்திருக்கிறார்.

மனசைக் குணமாக்குவது தனிமனிதரின் உறுதியில் மட்டும் இல்லை, அவருக்கு என்ன கதவு திறந்திருக்கிறது என்பதிலும் இருக்கிறது. அந்த ஒரே வீட்டில் வளர்ந்த இருவரின் கதையிலும் இது தெரிகிறது.

இருட்டைப் பார்த்தவர்கள்

1885-ல் ஜேம்ஸின் மூன்றாவது மகன் ஹெர்மன், ஒன்றரை வயதில் கக்குவான் இருமலில் இறந்தான். 1898-ல் மலையேறியபோது அளவுக்கு மீறி உடம்பை வருத்தியதில் இதயம் பாதிக்கப்பட்டது. படுக்கையில் இருந்தபடியேதான் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பேச வேண்டிய சொற்பொழிவுகளில் பெரும்பகுதியை எழுதினார். அதுதான் 1902-ல் வந்த `சமய அனுபவத்தின் வகைகள்'.

அதில் மனிதர்களை இரண்டு வகையாகப் பார்த்தார். பிறவியிலேயே மகிழ்ச்சியானவர்கள் ஒரு வகை. உலகத்தின் இருட்டைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிட முடியாத மனசுள்ளவர்கள் இன்னொரு வகை. `பாசிட்டிவா மட்டும் யோசி' என்பது முதல் வகைக்கு நன்றாகவே வேலை செய்யும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால், நோயும் மரணமும் இழப்பும் உண்மையானவை, அவற்றையும் கணக்கில் எடுக்கும் இரண்டாவது மனசுதான் வாழ்க்கையை இன்னும் முழுமையாகப் பார்க்கிறது என்றார். உடைந்து, மறுபடி பிறந்த மாதிரி எழுந்தவர்களின் அனுபவங்களை அக்கறையோடு பதிவு செய்தார். 1934-ல் மதுப்பழக்கத்தால் மருத்துவமனையில் கிடந்த பில் வில்சன் இந்தப் புத்தகத்தைப் படித்தார். மறுவருடம் அவரும் ஒரு நண்பரும் தொடங்கியதுதான் இன்று உலகம் முழுக்க இருக்கும் `ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'.

1909-ல் வூஸ்டர் நகரின் கிளார்க் பல்கலைக்கழகத்துக்கு வந்த சிக்மண்ட் ஃப்ராய்டையும் கார்ல் யுங்கையும் சந்தித்தார் ஜேம்ஸ். ஃப்ராய்டோடு நடந்து போகும்போது நெஞ்சுவலி வந்தது. கையிலிருந்த பையை அவரிடம் கொடுத்து, நீங்கள் முன்னே போங்கள், வலி அடங்கியதும் வந்துவிடுகிறேன் என்று அமைதியாகச் சொன்னார். அந்த நிதானம் ஃப்ராய்டின் மனசில் கடைசிவரை நின்றது. அதே வூஸ்டரில், 70 வருடங்கள் கழித்து, 1979-ல் ஜான் கபட்-ஸின் என்பவர் நாள்பட்ட வலியால் அவதிப்படுபவர்களுக்குத் தியானத்தை ஒரு மருத்துவப் பயிற்சியாகக் கற்றுத்தர ஆரம்பித்தார். இன்று உங்க போன் ஆப்பில் இருக்கும் `மைண்ட்ஃபுல்னெஸ்' அங்கிருந்து பரவியதுதான்.

1910, ஆகஸ்ட் 26. நியூ ஹாம்ப்ஷயரில் சொகோருவா என்ற ஊரிலிருந்த தன் கோடைவீட்டில், மனைவியின் கைகளில் உயிர்விட்டார் ஜேம்ஸ். வயது 68. தம்பி ஹென்றியும் அந்த வீட்டில்தான் இருந்தார்.

மனச்சோர்வும் தூக்கமின்மையும் கடைசிவரை அவரிடம் வந்துபோய்க்கொண்டுதான் இருந்தன. ஆனா, டைரியில் அந்த முடிவை எழுதிய பிறகு அவர் 40 வருடங்கள் வாழ்ந்தார். காதலித்தார், ஐந்து குழந்தைகளுக்கு அப்பாவானார், ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதினார், மாணவர்களைச் சிரிக்க வைத்தார். 28 வயதில், அந்த அறையில் இருந்தபோது, இதில் ஒன்றுகூட நடக்கும் என்று அவருக்குத் தெரியாது.

(மனசு ரொம்ப கனமா இருக்கா? வாழவே பிடிக்காத மாதிரி தோணுதா? தனியா தாங்கிக்கிட்டு இருக்காதீங்க. டெலி-மானஸ் உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.)